மூன்று ஜாடிகளில் தொடங்கும் கொரியச் சமையல்

கொரியச் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் காரச் சாற்றில் புரட்டும் அரிசிக் கேக்கான தொக்பொக்கியிலோ, உடனடி நூடுல்ஸான ராம்யனிலோதான் கை வைக்கிறார்கள். கொரியத் தொடர்களில் பார்த்தது அது, பக்கத்துக் கடையில் பாக்கெட்டாகக் கிடைப்பதும் அது. அதில் தவறில்லை. ஆனால் அப்படித் தொடங்கும்போது ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வீடியோ, ஒவ்வொரு வீடியோவுக்கும் புதிதாக நாலு பாட்டில் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். சமையல் மட்டும் கைக்கு வராது. முதலில் ஜாங் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அது பிடிபட்டுவிட்டால், பாட்டி காலத்து நமுல் என்ற கீரைப் பிசறலும் இன்றைய ரோஸ் தொக்பொக்கியும் ஒரே அலமாரியிலிருந்துதான் வருகின்றன என்பது தெரியும்.

ஜாங் என்பது சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் விழுதுக்கும் சாற்றுக்கும் பொதுவான பெயர். அதில் மூன்று கட்டாயம் வேண்டும். உப்பும் கனமான வாசமும் உள்ள பழுப்பு நிற விழுது தென்ஜாங். அதோடு கூடவே பிறக்கும் சாறு கன்ஜாங், அதாவது கொரிய சோயா சாஸ். காரமும் இனிப்பும் கலந்த சிவப்பு விழுது கொச்சுஜாங்.

நம் சமையலில் ருசியின் பெரும்பகுதி அடுப்பில்தான் உருவாகிறது. எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், வெங்காயம் சுருள வதங்க வேண்டும், மசாலாவின் பச்சை வாசனை போக வேண்டும். கொரியச் சமையலில் அந்த வேலை மாதக்கணக்கில் ஜாடிக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும். அடுப்பில் மிச்சமிருப்பது பத்து, இருபது நிமிட வேலைதான். தாளிப்பு என்ற ஒன்றே கிடையாது. புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் தடுமாறுவதும் இங்கேதான். எண்ணெயில் வதக்காமல் எப்படி ருசிக்கும் என்ற சந்தேகத்தில் இஞ்சி பூண்டு விழுதையும் மிளகாய்த் தூளையும் கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். ஜாங்கின் ருசி அதில் அமுங்கிப்போகும்.

ஜாடிக்குள் என்ன நடக்கிறது

சோயா அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் சமயத்தில் வேலை ஆரம்பமாகும். சோயாவை ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை மணிக்கணக்காக வேகவைத்து, இடித்து, செங்கல் அளவுக்குக் கட்டிகளாகப் பிடிப்பார்கள். இந்தக் கட்டிக்கு மெஜு என்று பெயர். கொஞ்சம் காய்ந்ததும் வைக்கோல் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோல் வெறும் கயிறாக மட்டும் அங்கே இல்லை. பேசில்லஸ் வகைப் பாக்டீரியா அதிலிருந்துதான் மெஜுவில் ஏறும். காற்றிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் வந்து சேரும். சில வாரங்களில் கட்டி வெடிப்பு விட்டு, மேலெல்லாம் பூஞ்சணம் பூத்துப் பலமான வாடை வீசும்.

குளிர்காலத்தின் கடைசியில் மெஜுவைக் கழுவி வெயிலில் காயவைத்து, ஓங்கி என்ற மண்ஜாடியில் அடுக்கி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பின் அளவு பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஒரு முட்டையை மிதக்க விடுவார்கள். நீருக்கு மேலே தெரியும் ஓட்டின் வட்டம் 500 வோன் நாணயம் அளவுக்கு இருந்தால் உப்பு சரி. மேலே ஒரு கரித்துண்டு, சில வற்றல் மிளகாய், சில இலந்தைப் பழங்கள் மிதக்கும். ஜாடி வெயில் படும் திறந்த மேடையில் நிற்கும். அந்த மேடைக்கு ஜாங்தொக்தே என்று பெயர். ஓங்கியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தண்ணீர் வெளியே வராது, காற்று மட்டும் கொஞ்சம் போய்வரும்.

40 முதல் 60 நாட்கள் கழித்து இரண்டையும் பிரிப்பார்கள். மேலே நிற்கும் கறுத்த நீர் கன்ஜாங். அடியில் ஊறிப்போன மெஜுவைப் பிசைந்து வேறு ஜாடியில் அமுக்கி வைத்தால் தென்ஜாங். பிறகும் அது பல மாதம் முதிர வேண்டும். சில வீடுகளில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். இத்தனை நாளும் நுண்ணுயிர்கள் சோயாவின் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக ஆக்குகின்றன. அதில் முக்கியமானது குளூட்டமேட். இறைச்சிச் சாற்றிலும் முற்றிய தக்காளியிலும் நாக்கில் நிற்கும் அந்த நிறைவான ருசி இதனால் வருவது. அரைக் கரண்டி தென்ஜாங் ஒரு பானைத் தண்ணீரைக் குழம்பாக மாற்றுவதன் காரணம் அதுதான். இந்த ஜாங் செய்யும் வழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கொச்சுஜாங் கொஞ்சம் பிந்தி வந்த பிள்ளை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொரியாவுக்கு அது 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1614இல் யி சு-க்வாங் எழுதிய நூலில் மிளகாய் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதற்கு முன் கிம்ச்சி, அதாவது உப்பிட்டு நொதிக்க வைத்த காய், சிவப்பாக இருந்ததில்லை. மிளகாயே இல்லாத வெள்ளைக் கிம்ச்சியும், முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைக்கும் தொங்ச்சிமியும் இன்றும் செய்யப்படுகின்றன. காரம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அவைதான் தோது. கொச்சுஜாங்கில் மிளகாய்த் தூள், ஒட்டரிசி மாவு, மெஜுத் தூள், உப்பு, முளைகட்டிய வாற்கோதுமைத் தூள் எல்லாம் சேரும். முளைகட்டிய தானியத்திலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும்; கொச்சுஜாங்கின் இனிப்புக்கு அடிப்படை அதுதான். வட ஜொல்லா மாகாணத்தில் உள்ள சுன்சாங் ஊர் கொச்சுஜாங்குக்குப் பேர்போனது.

கடையில் என்ன வாங்குவது

நான்கு பொருள் போதும்: தென்ஜாங், கொச்சுஜாங், கொச்சுகாரு, வறுத்த எள்ளெண்ணெய். ஐந்தாவதாக ஒரு சோயா சாஸ். சென்னையில் இருப்பவர்களுக்குச் சிரமமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தி தொடங்கிய பிறகு கொரியக் குடும்பங்கள் நிறைய வந்து குடியேறியதால், அவர்களுக்கென்றே மளிகைக் கடைகளும் உணவகங்களும் நகரத்தில் உண்டு. மற்ற ஊர்களில் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ கிடைக்கும்.

கொச்சுகாரு என்பது கொரிய மிளகாய்த் தூள். பெரும்பாலும் விதையை நீக்கிவிட்டுக் கொரகொரப்பாக அரைத்தது. நிறம் அதிகம், காரம் மிதம், லேசாக இனிக்கும். நம் வீட்டுக் குண்டு மிளகாய்த் தூளை அதே அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. கிடைக்காத பட்சத்தில் காஷ்மீரி மிளகாயை விதை நீக்கி, ரவை பதத்துக்கு அரைத்துக்கொள்ளுங்கள். நிறமும் காரமும் ஏறத்தாழ ஒத்துப்போகும். அந்த இனிப்பு வாசம் முழுதாக வராது, ஆனால் கிம்ச்சி கெடாது.

எள்ளெண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. கொரியர்களுடையது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. கரும்பழுப்பாக இருக்கும், வாசனை ஊரைக் கூட்டும். சமையலுக்கான எண்ணெய் இல்லை அது, கடைசியில் ஒரு தேக்கரண்டி ஊற்றும் வாசனைப் பொருள். நல்லெண்ணெயை அதற்கு மாற்றாகப் போட்டால் வேறு பதார்த்தம் ஆகிவிடும். எண்ணெய் வாங்க முடியாவிட்டால், எள்ளைப் பொன்னிறமாக வறுத்து நுணுக்கித் தாராளமாகத் தூவுங்கள், பாதி வாசனையாவது வரும்.

சோயா சாஸ் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். மெஜுவிலிருந்து வரும் பாரம்பரியச் சாறுக்கு குக்-கன்ஜாங் என்று பெயர். நிறம் வெளிறியது, உப்பு அதிகம், சூப்புக்கும் கீரைக்கும் ஏற்றது. யாங்ஜோ-கன்ஜாங் என்பது சோயாவோடு கோதுமையும் சேர்த்து நொதிக்க வைத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் அது போதும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் இரண்டாவதை வாங்குங்கள். ஆலையில் தயாராகும் தென்ஜாங்கிலும் கொச்சுஜாங்கிலும்கூடப் பெரும்பாலும் கோதுமை இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

திறந்த பிறகு மூன்று ஜாங்கையும் ஃபிரிட்ஜில் வைக்கலாம், மாதக்கணக்கில் தாங்கும். நாளாக ஆக நிறம் கறுக்கும். அது கெட்டதற்கு அடையாளமில்லை.

சோறு நடுவில், மற்றதெல்லாம் சுற்றி

வீட்டுச் சாப்பாட்டின் அமைப்பு எளிமையானது. ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் சூப். நடுவில் பொதுவாகக் கொதிக்கக் கொதிக்க ஒரு ஜிகே, அதாவது கெட்டிக் குழம்பு. சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டுகளில் பஞ்சான் எனப்படும் தொடுகறிகள். கிம்ச்சி இல்லாமல் இருக்காது. பழைய முறையில் தொடுகறிகளின் எண்ணிக்கையை வைத்து மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று சாப்பாட்டைத் தரம் பிரித்தார்கள். அரசருக்குப் பன்னிரண்டு. இன்று வேலைக்குப் போகும் வீடுகளில் இரண்டு மூன்று பஞ்சானை ஞாயிற்றுக்கிழமை செய்து டப்பாவில் வைத்துவிட்டு வாரம் முழுக்க எடுத்துச் சாப்பிடுவது சாதாரணம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

சோறு குட்டை அரிசியில், ஒன்றோடொன்று ஒட்டும்படி இருக்க வேண்டும். பாஸ்மதி வேண்டாம், புழுங்கலரிசியும் சரிவராது. அரிசியை மூன்று நான்கு தடவை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வைத்து வடிக்காமல் வேகவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். குட்டை அரிசி கிடைக்காவிட்டால் பச்சரிசியைச் சற்றுக் குழைவாகச் சமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஜிகேக்கு அதுதான் ஊற்றுவார்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து குழம்புக்கு லேசான கெட்டித்தன்மை கொடுக்கும், தென்ஜாங்கின் கூர்மையையும் தணிக்கும்.

முதலில் செய்ய வேண்டியது: தென்ஜாங் ஜிகே

எனக்கு இதைவிடப் பிடித்த கொரியப் பதார்த்தம் இல்லை. உணவகத்தில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. இறைச்சி சுட்டுச் சாப்பிட்ட பிறகு சோற்றோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் ஜாங் என்ன செய்யும் என்பதை இந்த ஒரு பானை காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். முதலில் சாறு எடுக்க வேண்டும். கொரியச் சமையலின் அடிப்படைச் சாறு காய்ந்த நெத்திலியும் தாசிமா என்ற காய்ந்த கடற்பாசியும் சேர்ந்தது. ஏழெட்டு நெத்திலிக் கருவாட்டை எடுத்துத் தலையையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புக் குடலையும் கிள்ளிப் போடுங்கள். அதை விட்டால் சாறு கசக்கும். நம் ஊர்க் கருவாட்டில் மணலும் உப்பும் இருக்கும், நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் வறுத்து மீன்வாடை போன பிறகு, அரிசி கழுவிய தண்ணீர் இரண்டரைக் கப்பும் உள்ளங்கையளவு தாசிமாவும் சேர்த்து மூடாமல் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கொதி வந்து ஐந்து நிமிடத்துக்குள் தாசிமாவை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொழகொழப்பு இறங்கும். நெத்திலி இன்னும் ஐந்து நிமிடம் கிடக்கட்டும், பிறகு அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சின்ன உருளைக்கிழங்கையும் அரை வெங்காயத்தையும் சதுரத் துண்டுகளாக்கிப் போடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி தென்ஜாங்கை ஒரு வடிகட்டியில் வைத்து, சாற்றுக்குள் முக்கிக் கரண்டியின் முதுகால் தேய்த்துக் கரைத்துவிடுங்கள். நேராகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். வடிகட்டியில் மிஞ்சும் சோயாத் துணுக்கையும் உள்ளே தட்டிவிடலாம், எனக்கு அது வாயில் தட்டுப்படுவது பிடிக்கும். கிழங்கு முக்கால் வெந்ததும் ஜுக்கினி பாதி, நசுக்கிய பூண்டு இரண்டு பல். அது ஒரு கொதி வந்ததும் டோஃபு 200 கிராம், ஒரு பச்சை மிளகாய், வெங்காயத்தாள். இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். காரம் வேண்டுமானால் கொச்சுகாரு அரைத் தேக்கரண்டி. தனியாக உப்பு போடாதீர்கள். தென்ஜாங்கிலேயே உப்பு நிறைய இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜப்பானியச் சோயா விழுதான மிசோவைக் கொதிக்க விடக்கூடாது என்று படித்திருப்பீர்கள். தென்ஜாங் அப்படியில்லை, கொதி தாங்கும்; வீட்டில் செய்த முதிர்ந்த தென்ஜாங் கொதிக்கக் கொதிக்கத்தான் இறங்கும். கொரியர்கள் இதை துக்பெகி என்ற கனத்த மண்சட்டியில் செய்து அடுப்பிலிருந்து நேரே மேசைக்குக் கொண்டுபோவார்கள். நம் மண்சட்டியே போதுமானது.

கீரை ஒரு பிடி, பிபிம்பாப்

நமுல் என்பது வேகவைத்தோ லேசாக வதக்கியோ பிசையும் காய், கீரை வகை. பாலக்கீரை ஒரு கட்டை உப்புப் போட்ட கொதிநீரில் அரை நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, இரு கையாலும் பிழியுங்கள். ஒட்டப் பிழிந்தால் சக்கையாகிவிடும், கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். நறுக்கி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு கால் தேக்கரண்டி, எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி, நுணுக்கிய வறுத்த எள் சேர்த்துக் கையாலேயே பிசறுங்கள். முளைகட்டிய பயறு, கேரட், முள்ளங்கி, கத்தரிக்காய் எதுவும் இதே வழியில் போகும்.

மூன்று வகை நமுல் ஃபிரிட்ஜில் இருந்தால் பிபிம்பாப் தயார். கிண்ணத்தில் சுடு சோறு, மேலே நமுல்கள், ஒரு ஆஃப்பாயில், கொச்சுஜாங் ஒரு மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய். கொச்சுஜாங்கைச் சிறிது தண்ணீரும் சர்க்கரையும் ஒரு சொட்டு வினிகரும் விட்டு இளக்கிக்கொண்டால் கலப்பது சுலபம். ஜொன்ஜு நகரம் இதற்குப் புகழ்பெற்றது. கல்சட்டியில் தரும் தோல்சொத் பிபிம்பாப் வேண்டுமென்றால், கனமான இரும்புச் சட்டியில் எள்ளெண்ணெய் தடவி, சோற்றை அமுக்கிப் பரப்பி, மிதமான தீயில் படபடவென்று சத்தம் வரும்வரை விடுங்கள். அடியில் பிடிக்கும் மொறுமொறுப்புக்காகவே அதைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

கிம்ச்சி

நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் குடும்பங்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியைப் போடும் வழக்கம் கிம்ஜாங். 2013இல் தென்கொரியாவின் கிம்ஜாங்கையும், 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. முன்பு ஜாடிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைப்பார்கள், வெப்பம் சீராக இருக்கும் என்பதற்காக. அடுக்குமாடிக்கு வந்த பிறகு புதைக்க மண் ஏது? 1995இல் திம்ச்சே என்ற பெயரில் கிம்ச்சிக்கான தனி ஃபிரிட்ஜ் சந்தைக்கு வந்தது, இன்று பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒன்று இருக்கிறது.

முழுக் கோஸாகப் போடுவதைவிட நறுக்கிப் போடும் மக்-கிம்ச்சி புதியவர்களுக்கு எளிது. நாப்பா கோஸ் அல்லது சைனீஸ் கேபேஜ் என்று விற்கும் நீள்கோஸ் 2 கிலோ வாங்கி, ஓரங்குல அகலத்துக்கு நறுக்குங்கள். கல் உப்பு 150 கிராம் தூவிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அரை மணிக்கொரு முறை புரட்டி, இரண்டு மணி நேரம் விடுங்கள். தூள் உப்பு வேண்டாம், சீராக இறங்காது. பதம் பார்ப்பதற்கு வெள்ளைத் தண்டுப் பகுதியை எடுத்து வளையுங்கள். ஒடியாமல் வளைந்தால் போதும். ஒடிந்தால் இன்னும் ஊறட்டும். பிறகு மூன்று தடவை அலசி வடிய வைத்து, ஒரு துண்டைத் தின்று பாருங்கள். பொரியலில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தால் எப்படியோ, அந்த அளவு இருக்க வேண்டும்.

உப்பு இங்கே காவல் வேலை செய்கிறது. கெடுக்கும் பாக்டீரியாக்களை அது அடக்கிவிடும், உப்பைத் தாங்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் கோஸிலிருந்தே பெருகும். அவை சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். நல்ல கிம்ச்சியில் நாக்கில் சுருக்கென்று படும் அந்தச் சோடாத் தன்மை இதனால்தான்.

கலவைக்கு, ஒன்றரைக் கப் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சி நன்றாக ஆறவிடுங்கள். மிளகாய் கோஸோடு ஒட்டுவதும் பாக்டீரியாவுக்குத் தீனி கிடைப்பதும் இந்தக் கஞ்சியால். பூண்டு 12 பல், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, அரை வெங்காயம் மூன்றையும் அரைத்துக் கஞ்சியில் சேருங்கள். கொச்சுகாரு 80 முதல் 100 கிராம், ஃபிஷ் சாஸ் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கிடைத்தால் சேயுஜொத் என்ற உப்பில் ஊறிய குட்டி இறால் இரண்டு மேசைக்கரண்டி. குச்சி குச்சியாக நறுக்கிய முள்ளங்கி 300 கிராம், வெங்காயத்தாள் ஒரு கட்டு. கையுறை போட்டுக்கொண்டு பிசறுங்கள், வெறும் கையில் பிசறினால் ராத்திரி தூங்க முடியாது.

கண்ணாடி ஜாடியில் காற்று இல்லாமல் அமுக்கி, மேலே நான்கு விரற்கடை இடம் விடுங்கள், பொங்கும். சாறுக்கு மேலே காய் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எவ்வளவு நேரம் வெளியே வைப்பது என்பதில்தான் கொரியக் குறிப்புகள் நம்மை ஏமாற்றும். ஒன்றிரண்டு நாள் என்று அவர்கள் எழுதுவது அங்குள்ள தட்பவெப்பத்துக்கு. நம் கோடையில் காலையில் போட்டால் இரவுக்குள்ளேயே குமிழி விடத் தொடங்கும், அதிகம் போனால் மறுநாள் காலை. ஒரு தடவை மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, மெல்லிய புளிப்பு வாசம் வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பக்குவமாக இருக்கும்.

அதற்கப்புறம் புளிப்பு ஏறும். பலர் இந்தக் கட்டத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்காது. கிம்ச்சி ஜிகேக்கும் கிம்ச்சி சோற்றுக்கும் புளித்ததுதான் வேண்டும். புதுசு போட்டால் சப்பென்றிருக்கும். நன்றாகப் புளித்த கிம்ச்சி ஒரு கப், அதன் சாறு மூன்று கரண்டி, மைதா முக்கால் கப், கொஞ்சம் தண்ணீர் கலந்து, எண்ணெய் தாராளமாக விட்டு மெல்லிய அடையாகச் சுட்டால் கிம்ச்சி-ஜொன். மழை நாளில் கொரியர்கள் தேடுவது இதையும் ஒரு கிண்ணம் மக்கொல்லி என்ற அரிசி மதுவையும்தான்.

சைவர்களுக்கு

கொரியச் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் மீன் இருக்கும். கிம்ச்சியில் ஃபிஷ் சாஸ், சூப்பில் நெத்திலி, ராம்யன் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு. வீட்டில் செய்வதன் பெரிய அனுகூலமே இதைத் தவிர்க்க முடிவதுதான். நெத்திலிக்குப் பதில் தாசிமாவும் காய்ந்த ஷிடாகே காளானும் சேர்த்துச் சாறு எடுங்கள். கிம்ச்சியில் ஃபிஷ் சாஸுக்குப் பதில் குக்-கன்ஜாங். இது ஏதோ ஒட்டுப்போட்ட மாற்று இல்லை. பௌத்த மடங்களில் நூற்றாண்டுகளாக இப்படித்தான் சமைக்கிறார்கள். அங்கே மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயத்தாள் போன்ற காட்டமான ஐந்தும் விலக்கு. அந்த ஐந்தில் ஒன்று பெருங்காயம் என்பார்கள். தென் ஜொல்லாவில் பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த பிக்குணி ஜொங் க்வானின் சமையலைத் தேடி உலகின் பெரிய சமையற்காரர்கள் போய் வருகிறார்கள். அவர் கையிலிருப்பதும் முதிர்ந்த ஜாங்தான்.

புதிய பதார்த்தங்கள்

இன்றைக்கு நாம் கொரிய உணவென்று அதிகம் அறிந்தவற்றில் பல, 1950க்குப் பிந்தியவை. காரணம் போரும் அரிசிப் பஞ்சமும். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளிவந்த ஸ்பாம் என்ற பதப்படுத்திய இறைச்சி, சாசேஜ் டப்பாக்களைக் கிம்ச்சியோடும் மிளகாய்த் தூளோடும் கொதிக்கவைத்ததில் பிறந்தது பூதே ஜிகே. சியோலுக்கு வடக்கே உயிஜொங்பு ஊரில் அதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. 1960களிலும் 70களிலும் அரிசியை மிச்சப்படுத்த அரசாங்கம் கோதுமையும் கலப்புத் தானியமும் சாப்பிடச் சொல்லி இயக்கம் நடத்தியது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோற்றில் வாற்கோதுமை கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். 1963இல் சம்யாங் நிறுவனம் முதல் கொரிய ராம்யனை விற்கத் தொடங்கியதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

தொக்பொக்கி இரு காலத்துக்கும் சொந்தக்காரர். அரண்மனையில் அதைச் சோயா சாஸிலும் இறைச்சியிலும் புரட்டினார்கள். கொச்சுஜாங்கில் சிவக்கச் சிவக்கச் செய்வது 1953இல் சியோலின் சின்தாங்-தோங் பகுதியில் மா பொக்-ரிம் என்ற பெண்மணி தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. வீட்டில் செய்ய, அரிசித் தொக் (அந்த அரிசிக் கேக்) 400 கிராமை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். நெத்திலிச் சாறு இரண்டரைக் கப், கொச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, கொச்சுகாரு ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கொதித்ததும் தொக்கைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சாறு தொக்கில் பளபளப்பாகப் படிந்து நிற்கும்போது வேகவைத்த முட்டையும் வெங்காயத்தாளும் போட்டு இறக்குங்கள். ரோஸ் தொக்பொக்கி என்பது இதிலேயே சாற்றைப் பாதியாகக் குறைத்து, பாலும் கிரீமும் ஊற்றுவது. குழந்தைகளுக்கு நான் அதைத்தான் முதலில் கொடுக்கச் சொல்வேன், காரம் மட்டுப்படும்.

தொக்கைச் சாப்பிட்டு முடித்த சட்டியைக் கழுவப் போடாதீர்கள். அடியில் நிற்கும் இரண்டு மூன்று கரண்டிச் சாற்றில் ஒரு கிண்ணம் பழைய சோறு, நறுக்கிய கிம்ச்சி, கொஞ்சம் எள்ளெண்ணெய் போட்டுப் புரட்டி, சட்டியில் அமுக்கிப் பரப்பி இரண்டு நிமிடம் விடுங்கள். கொரிய உணவகங்களில் இதைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.